ஸ்லைடைக் குறையுங்கள், கடிகாரத்தைக் காட்டுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானாவின் ஜார்ஜ்டவுனில் மருத்துவம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சமூக மருத்துவப் பாடத்துக்காக எங்கள் குழு கடலோர ஊர் ஒன்றில் 15 முதல் 19 வயது வரையுள்ள 40 பேரிடம் பாலியல் நலம், எச்.ஐ.வி. பற்றி இரண்டு மணி நேரம் பேச வேண்டும். பிப்ரவரியில் வரும் மாஷ்ரமானி விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு தேதி கொடுத்திருக்கிறார்கள். வைரஸின் அமைப்பு, அது தாக்கும் சி.டி.4 வெள்ளணுக்கள், நோயின் நிலைகள், படங்கள் என்று 32 ஸ்லைடு தயார். ஆனால் போன வருடம் போன சீனியர்கள், "எல்லாம் தெரியும் மிஸ்னு சொல்லிட்டு போனை நோண்டிட்டு இருந்தாங்க" என்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் 18 வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்து, முந்தாநாள் ஆணுறை கிழிந்துவிட்டது என்றாளாம். சீனியருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணிக்கோ" என்று அனுப்பிவிட்டாராம். எனக்கு அதுதான் பயம். எதைச் சொல்வது, எதை விடுவது? ஆணுறையைக் கையில் எடுத்துக் காட்டலாமா? கல்யாணம் ஆகாதவள் நான். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்றும் ஓடுகிறது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் சீனியரிடம் அந்தப் பெண் வந்தபோது ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகியிருக்கும். எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்ளாமல் தடுக்கும் 'பெப்' மாத்திரையைத் தொடங்க 72 மணி நேரம் கெடு. அதாவது அவள் கையில் இன்னும் ஒரு முழு நாள் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை என்பது புத்தகப்படி தப்பில்லை. ஆனால் அந்தப் பதில் அவளுடைய ஒரு நாளை விழுங்கிவிட்டது. உங்கள் 32 ஸ்லைடில் இந்த 72 எத்தனையாவதில் வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை என்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

பிள்ளைகள் "எல்லாம் தெரியும்" என்பது முழுப் பொய்யும் அல்ல. கயானாவும் சேர்ந்த கரீபியன் கூட்டமைப்பான காரிகாம் நாடுகளின் பள்ளிகளில் உடல்நலமும் குடும்ப வாழ்வும் என்ற பாடம் 1990-களிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. ரேடியோ விளம்பரம், சுவரொட்டி, திருவிழாக் கூட்டத்தில் இலவச ஆணுறை எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். வைரஸின் வடிவம் தெரியாததால் அவர்களுக்குத் தொற்று வருவதில்லை. எந்தக் கதவைத் தட்டுவது, எத்தனை மணி நேரத்துக்குள் தட்டுவது, உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள், வயது கேட்பார்களா, அத்தை காதுக்குப் போய்விடுமா என்பவைதான் தெரியாதவை. உங்கள் இரண்டு மணி நேரமும் அதற்கே போகட்டும்.

பின்னணிக்கு ஒரே ஒரு ஸ்லைடு வைத்துக்கொள்ளுங்கள். 2023 நிலவரப்படி கரீபியனில் சுமார் 3.4 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், பெரும்பகுதி ஹைதியிலும் டொமினிக்கன் குடியரசிலும். வயதுவந்தோரில் 100-க்கு ஒருவருக்குச் சற்று மேல். இந்தியாவில் இது 500-க்கு ஒருவர் அளவு. ஆப்பிரிக்காவின் தெற்கு, கிழக்குப் பகுதிகளுக்கு அடுத்தபடி எச்.ஐ.வி. விகிதம் அதிகமுள்ள வட்டாரங்களில் ஒன்று இது. அதே வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் முதன்முதலில் சான்று தந்த நாடு கியூபா, 2015-இல். 2024-இல் ஜமைக்கா, பெலீஸ், செயின்ட் வின்சென்ட் சேர்ந்தன. கர்ப்பிணி எப்படியும் மருத்துவமனைக்கு வருகிறாள், அதனால் மருந்து அவளை எட்டுகிறது. 17 வயதுப் பையன் வருவதில்லை. வித்தியாசம் மருந்தில் இல்லை, வருவதில்தான்.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். உங்களிடமும் ஒருத்தி வருவாள், அல்லது ஒருவன் வருவான்.

முதல் கேள்வி "யாரோடு?" அல்ல, "எப்போது?" 'வெள்ளிக்கிழமை ராத்திரி' என்றால் மணியைக் கேட்டு, மணிக்கணக்காக மாற்றுங்கள். 72-ஐ 'மூன்று நாள்' என்று சொன்னால் பிள்ளைகள் நான்காம் நாள் காலை வருவார்கள். 72 என்பதும் கடைசி எல்லைதான். மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. உடலுறவில் நுழையும் வைரஸ் முதலில் அந்த இடத்துச் செல்களைப் பிடித்து, இரண்டு மூன்று நாளுக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுகிறது. அங்கே அது வேர் பிடித்துவிட்டால் மாத்திரையால் பிடுங்க முடியாது. இந்தக் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். காரணம் புரிந்தவர்கள்தான் நேரத்தை மதிக்கிறார்கள்.

இரண்டாவது, கழுவுவது. வெளிப்புறத்தை சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவலாம். உள்ளே எலுமிச்சைச் சாறு, வினிகர், டெட்டால் எதையும் விட்டுக் கழுவக் கூடாது. உள் தோல் உரிந்து வைரஸுக்கு வழி இன்னும் அகலமாகும். பலாத்காரம் நடந்திருந்தால் விஷயமே வேறு: போலீஸுக்குப் போக நினைப்பவள் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் மாத்திரை போலீஸ் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காது. அந்தப் பையனுக்கோ ஆளுக்கோ டெஸ்ட் எடுத்து முடிவு வரட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது. தொடங்கிவிட்டு, அவருக்கு இல்லை என்று பிறகு உறுதியானால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார்.

மூன்றாவது, மாத்திரை. இப்போது பரவலாகத் தருவது டி.எல்.டி.: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். தொடங்கும் அன்றே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை எடுப்பார்கள். ஹெபடைடிஸ் பி முக்கியம். அது இருப்பவர் 28-ஆம் நாள் டெனோஃபோவிரைச் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றினால் போதும், நிறுத்த வேண்டாம். அஜீரணத்துக்குக் குடிக்கும் வெள்ளை டானிக்குகளில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்தோ, 6 மணி நேரம் முன்போதான் அவற்றைக் குடிக்கலாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது.

எங்கே சொதப்புகிறது என்றால், பாதியில் நிற்பதில். 'கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறோம், மீதிக்கு வா' என்று 5 நாள் மாத்திரை கொடுத்தால் திரும்பி வராதவர்களே அதிகம். கயானாவின் உள்நாட்டுச் சுரங்கப் பகுதிக்குப் படகேறிப் போகும் பையனைத் திரும்ப வரச் சொல்வது வேடிக்கை. முதல் வருகையிலேயே 28 நாளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த வசதி உண்டா என்று மருந்தகத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நான்காவது பலரும் மறப்பது: கர்ப்பம். பெண் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு என்று நாம் நினைப்போம். அவள் பயப்படுவது பெரும்பாலும் மாதவிடாய் தள்ளிப்போவதற்கு. அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே தடவை, 72 மணி நேரத்துக்குள். அதற்குப் பின் 120 மணி வரை கொடுப்பதுண்டு, பலன் குறைவு. 0.75 மி.கி. பட்டைதான் கிடைக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. உடல் எடை கூடக்கூட இதன் பலன் குறைவதாகத் தெரிகிறது; அப்படிப்பட்டவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் 5 நாளுக்குள் வைக்கும் காப்பர்-டி நல்ல வழி. டோலுடெக்ராவிரோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் சண்டை போடாது, பழைய எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸோடுதான் போடும்.

பிறகு 4 முதல் 6 வாரத்தில் ஒரு எச்.ஐ.வி. பரிசோதனை, 12 வாரத்தில் இன்னொன்று. அதுவரை ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது. உங்கள் சீனியர் சொன்ன மூன்று மாதம் இங்கேதான் வருகிறது, கடைசி வரியாக.

பரிசோதனை என்றாலே 'போனோம், நெகட்டிவ், முடிந்தது' என்பதுதான் பிள்ளைகளின் கணக்கு. மாஷ்ரமானி ஊர்வலம் பிப்ரவரி 23-ஆம் தேதி. 25-ஆம் தேதி ஒருவன் விரலில் குத்திப் பார்த்து நெகட்டிவ் என்று நிம்மதியாகிறான். அந்த முடிவு 23-ஆம் தேதியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நவம்பர் கடைசி வரை நடந்ததைப் பற்றித்தான் உறுதியாகப் பேசுகிறது. விரல் ரத்த ரேபிட் டெஸ்டும் வாய் ஈறில் தடவும் சுயபரிசோதனையும் வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுபவை. 90 நாள் வரை பொறுக்க வேண்டும். ரத்தநாளத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை வைரஸின் பி24 புரதத்தையும் தேடுவதால் 45 நாளில் தெளிவாகச் சொல்லிவிடும். 23-ஆம் தேதி, அதிலிருந்து 45-ஆம் நாள், 90-ஆம் நாள் மூன்றையும் ஒரு காலண்டர் படத்தில் போட்டுக் காட்டுங்கள். படம் காட்டியே ஆக வேண்டும் என்றால் அந்தப் படம் போதும்.

சுயபரிசோதனைக் கிட் கையில் கிடைத்தால் பிரித்துக் காட்டுங்கள். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் துலக்காமல் இருக்க வேண்டும். மேல் ஈறின் வெளிப்பக்கம் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை; முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. குச்சியைக் குப்பியில் விட்டு 20 நிமிடத்துக்குப் பின், 40 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. அந்தக் கோட்டுக்கு அர்த்தமில்லை. கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடே வரவில்லை என்றால் டெஸ்ட் கெட்டது. 'சி'யும் பரிசோதனைக் கோடான 'டி'யும் வந்தால், டி மங்கலாக இருந்தாலும், மருத்துவமனையில் வேறு பரிசோதனைகளால் உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஒரு குச்சியை வைத்து யாரும் பாசிட்டிவ் ஆகிவிடுவதில்லை. ஏற்கெனவே எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மருந்தோ தடுப்பு மாத்திரையோ சாப்பிடுபவருக்கு இந்தக் கிட் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம்.

இன்னொன்று உங்கள் ஊருக்கே உரியது. புதிய எச்.ஐ.வி. தொற்று பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, தோலில் செம்புள்ளிகள் என்று வந்து தானாகவே போய்விடும். கயானாவில் அதைப் பார்த்ததும் டெங்கு என்பார்கள், மலேரியா என்பார்கள். இரண்டும் இல்லை என்று வந்தால் ஏதோ வைரல் என்று பாராசிட்டமால். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பது அந்த வாரங்களில்தான்; அடுத்தவருக்குப் போகும் வாய்ப்பும் அப்போதுதான் மிக அதிகம். எதிர்ப்பொருள் டெஸ்டோ அப்போது நெகட்டிவ் காட்டும். பிள்ளைகளுக்கு ஒரே வாக்கியம்: "சமீபத்தில் ஆணுறை இல்லாமல் உறவு இருந்திருந்தால், காய்ச்சலுக்குப் போகும்போது அதையும் சொல்லுங்கள்." மருத்துவ மாணவியான உங்களுக்கு: டெங்கு நெகட்டிவ் என்ற தாளைப் பார்க்கும்போது பி24 நினைவுக்கு வரட்டும்.

கொசு என்றதும் அந்தக் கேள்வியும் வரும். டெங்குவைக் கொண்டுவரும் கொசு எச்.ஐ.வி.யை ஏன் கொண்டுவராது என்று கேட்பவன் முட்டாள் இல்லை, நன்றாக யோசிக்கிறான். டெங்கு வைரஸ் கொசுவின் உடலுக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. எச்.ஐ.வி.க்கு ஒட்டிக்கொள்ளத் தேவையான சி.டி.4 செல் கொசுவிடம் இல்லை. குடித்த ரத்தத்தோடு அது வயிற்றில் செரித்துப்போகிறது. கொசு நமக்குள் விடுவது எச்சிலை, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. (ஜிகா வைரஸ் மட்டும் குறும்புக்காரன். கொசுவாலும் வரும், உடலுறவாலும் வரும்.)

ஆணுறையைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். காட்டித்தான் ஆக வேண்டும், அதுவும் மரத்தில் செய்த மாதிரியில். வாழைப்பழத்தில் காட்டினால் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பில் போகும். மீதி நேரத்தில் மனதில் நிற்பது பழம்தான். 60 ஆணுறை, 5 மரமாதிரி கொண்டுபோங்கள். எட்டுப் பேருக்கு ஒரு மாதிரி. ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கையால் செய்து பார்க்கட்டும். மீதி 20, கிழிப்பதற்கும் தப்பாகச் செய்து காட்டுவதற்கும். அனுமதியைப் பள்ளி அல்லது குழுப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிரசவ வார்டில் நீங்கள் அன்றாடம் செய்வதைவிட இது கூச்சமான வேலை இல்லை.

சரியாகப் போடுவதை ஒரு முறை காட்டினால் போதும். எப்படிக் கெடுகிறது என்பதற்கு நேரம் கொடுங்கள், கிழிவதற்குக் காரணங்கள் திரும்பத் திரும்ப அதேதான். பர்ஸில், மினிபஸ் டாஷ்போர்டில் மாதக்கணக்கில் வெந்த ஆணுறை. உறையை விரலால் அழுத்திப் பாருங்கள்: காற்று மெத்தென்று இருந்தால் நல்லது, தட்டையாக இருந்தால் எங்கோ ஓட்டை. தேதியையும் பாருங்கள். பல்லால் கிழிப்பது ஒரு காரணம், ஒட்டவைத்த நீள நகம் இன்னொன்று. நுனியில் காற்றை விட்டுவிடுவது. நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்ட வேண்டும். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அதையே திருப்பிப் போடக் கூடாது, முன்விந்து நீர் வெளிப்பக்கம் பட்டிருக்கும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் உரசியே இரண்டும் கிழியும். முடிந்ததும் விறைப்பு போவதற்கு முன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்காவிட்டால் உள்ளேயே கழன்றுவிடும். கிழிந்தது என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இந்தக் கழல்தல்தான்.

எண்ணெய் விஷயத்தை நேரில் காட்டுங்கள். தேங்காய் எண்ணெய் உங்கள் வீட்டைப்போலவே அங்கேயும் எல்லா வீட்டிலும் உண்டு. வாசலினும் பேபி ஆயிலும் உண்டு. ஒரு ஆணுறையை ஊதிக் கட்டி, மேலே தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்த்து மேசையில் வைத்துவிட்டு வேறு பேசுங்கள். லேடெக்ஸ் சில நிமிடங்களில் வலுவிழந்து பெரும்பாலும் வெடித்துவிடும். அந்தச் சத்தத்தைப் போன் நோண்டுபவனும் நிமிர்ந்து பார்ப்பான். பக்கத்தில் தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் தடவிய இன்னொன்று அப்படியே நிற்கட்டும். விந்துக்கொல்லியான நொனாக்சினால்-9 தடவிய வகை வேண்டாம். அது உள் தோலைப் புண்ணாக்குகிறது.

'ஒரே ஒரு தடவைதானே, எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்பார்கள். 10,000-க்கு இத்தனை என்ற கணக்குகள் உங்கள் பாடப்புத்தகத்தில் உண்டு. ஸ்லைடில் போடாதீர்கள் என்பது என் கருத்து. அவை சராசரிகள். எதிராளி புதிதாகத் தொற்றிய வாரத்தில் இருந்தால், ஒருவருக்குப் புண் இருந்தால், ஆசனவாய் வழி உறவென்றால் எண் பல மடங்கு மாறும். பிள்ளைகள் சராசரியைக் கேட்டுத் தங்களுக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

நோயின் நிலைகள் படங்களை மொத்தமாக எடுத்துவிடுங்கள். 40 பேர் இருக்கும் அறையில் பிறப்பிலேயே தொற்று பெற்று, சிறுவயதிலிருந்து மாத்திரை சாப்பிடும் பிள்ளை ஒருவன் இருக்கலாம். சிலருக்கு எதற்கு அந்த மாத்திரை என்றே வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். எலும்பும் தோலுமான உடலைத் திரையில் காட்டி, இதுதான் எய்ட்ஸ் என்று நீங்கள் சொல்லும் நொடியில் அவனுக்குப் புரிந்துவிடும். அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்தினால் அதற்கு உங்கள் ஸ்லைடும் காரணம். அதற்குப் பதிலாக அவனும் மற்றவர்களும் கேட்க வேண்டியது: தினம் மாத்திரை போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி. பரவாது. குறைவாகப் பரவும் என்றில்லை, பரவாது. 2016-இலும் 2019-இலும் வந்த ஆய்வு முடிவுகள் ஆணுறை இல்லாத ஆயிரக்கணக்கான உறவுகளைக் கணக்கெடுத்தும் ஒரு பரவலைக்கூடக் காணவில்லை. டெஸ்டுக்குப் போகப் பயப்படுபவனைப் போக வைப்பது இந்தச் செய்திதான். பயமுறுத்தல் அவனை வீட்டிலேயே உட்கார வைக்கும்.

தினசரித் தடுப்பு மாத்திரையான 'பிரெப்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: தொற்று இல்லாதவர், வாய்ப்பு அதிகம் உள்ளவர் முன்கூட்டியே சாப்பிடுவது, பெண்களுக்கு 7 நாள் விடாமல் சாப்பிட்ட பிறகே முழுப் பாதுகாப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை போடும் லெனகாபாவிர் ஊசியை உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. உள்ளூர் மருத்துவமனையில் கையிருப்பைப் பார்க்காமல் மேடையில் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, வயதில் மூத்த ஆண்கள். கரீபியன் நாடுகளில் மினிபஸ் ஓட்டுநர், கண்டக்டர்களுக்கும் பள்ளிச் சீருடைப் பெண்களுக்கும் இடையிலான உறவு ஊரறிந்த தலைவலி. காசில்லாத பயணம், முன் சீட்டு, போனுக்கு ரீசார்ஜ், பிறகு கணக்குத் தீர்ப்பது. 15 வயதுப் பெண்ணிடம் போய், "ஆணுறை போடச் சொல்லி அவரிடம் உறுதியாகப் பேசு" என்பது பாடப்புத்தகப் பேச்சு. சொல்லும் நிலையில் அவள் இல்லை. கயானாவில் சம்மத வயது 16. அதற்குக் கீழே என்றால் சட்டப்படி அது பலாத்காரம், அவள் சரி என்றிருந்தாலும். அதனால், "நீ சொல்வது யாருக்கும் போகாது" என்று எந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டியே சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான வாக்கியம். அப்படி ஒன்று வந்தால் உங்கள் பேராசிரியர் வழியாகக் குழந்தைகள் பாதுகாப்பு முகமைக்குப் போக வேண்டும்; மாணவியான நீங்கள் தனியாகக் கையாளக் கூடாது. மருந்துக்கு அனுப்புவது மட்டும் அன்றைக்கே நடக்க வேண்டும்.

வயதுச் சிக்கல் இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வட்டாரத்தில் பல நாடுகளில் சம்மதத்துக்கு 16 வயது, பெற்றோர் இல்லாமல் பரிசோதனைக்கு 18 என்று நடைமுறை முரண்டு பிடிக்கிறது. (டிரினிடாட்டில் 2015 முதல் சம்மத வயதே 18.) உங்கள் கூட்டத்தில் 15-ம் உண்டு, 19-ம் உண்டு. ஆகவே போகும் முன் அந்த ஊர் சுகாதார நிலையத்துக்குப் போய் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வயதிலிருந்து தனியாக வந்தால் பரிசோதிப்பீர்கள், அதற்குக் கீழே வந்தால் என்ன செய்வீர்கள், முடிவு எந்தப் பதிவேட்டில் யார் கண்ணில் படும். கடைசிக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். சிறிய ஊரில் நர்ஸ் என்பவர் யாரோ ஒருவருடைய பெரியம்மா. எச்.ஐ.வி. கிளினிக்குக்கு என்று தனிக் கிழமை இருந்தால் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே அறிவிப்புப் பலகை. பலர் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள்; அது கோழைத்தனமில்லை, அந்த வழியையும் சீட்டில் எழுதுங்கள்.

ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கும் காலனிக் காலச் சட்டம் கயானாவில் இன்னும் ஏட்டில் இருக்கிறது. பார்படாஸில் 2022-இல், டொமினிக்காவில் 2024-இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒரு பையன் தன் துணை இன்னொரு பையன் என்று உங்களிடம் சொல்லத் தயங்குவதற்கு அது போதுமான காரணம். அதனால் உதாரணம் சொல்லும்போது 'பாய்ஃபிரெண்ட்–கேர்ள்ஃபிரெண்ட்' என்றே அடுக்காமல் 'பார்ட்னர்' என்று பொதுவாகச் சொல்லுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியவன் மட்டும் கவனிப்பான்.

எச்.ஐ.வி.யோடு நின்றுவிட வேண்டாம். உடலுறவால் பரவும் வெட்டை, கிளமிடியா, சிபிலிஸ் மூன்றும் மருந்துக்கு அடங்குபவை. பெண்களுக்கு அறிகுறியே இல்லாமல் கருக்குழாயைக் கெடுப்பவை முதல் இரண்டும். இந்த வட்டாரத்துக்கென்று எச்.டி.எல்.வி.-1 என்றொரு வைரஸும் உண்டு. ஜமைக்கா, மார்ட்டினிக் பக்கம் நன்கு அறியப்பட்டது. உடலுறவிலும் தாய்ப்பாலிலும் பரவும், பெரும்பாலானோரை ஒன்றும் செய்யாது, சிலருக்குப் பல ஆண்டு கழித்துக் கால்கள் விறைத்து நடை போகும் அல்லது ஒருவகை ரத்தப் புற்றுநோய் வரும். எச்.ஐ.வி. டெஸ்டில் இது தெரியாது, மருந்தும் இல்லை, ஆணுறை தடுக்கும். 15 வயதினருக்கு இவ்வளவு வேண்டாம், கேள்வி வந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நேரத்தைப் பிரிப்பது: முதல் 50 நிமிடம் சேர்ந்து உட்காரட்டும், கடிகாரமும் காலண்டரும். அடுத்த 40, ஆணுறை. பையன்கள் தனி, பெண்கள் தனி. கடைசி அரை மணி கேள்விப் பெட்டி. எல்லாருக்கும் ஒரே நிறத் தாள், ஒரே மாதிரிப் பென்சில். கேள்வி இல்லாதவரும் 'கேள்வி இல்லை' என்று எழுதிப் போட வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவன் மட்டும் தனியாகத் தெரிவான். உள்ளூர் நர்ஸ் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உள்ளூர்க் கலப்பு மொழியான கிரியோலில் எழுதும் சொற்களில் பாதி உங்கள் ஆங்கிலத்துக்குப் பிடிபடாது. உறுப்புக்கும் நோய்க்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை அவரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் மேடையில் முகம் சிவக்காது. பாடப்பொருள் வேண்டுமென்றால் எச்.ஐ.வி.க்கான கரீபியன் கூட்டமைப்பான பான்காப்பின் செயலகம் நீங்கள் இருக்கும் ஜார்ஜ்டவுனிலேயே, காரிகாம் வளாகத்தில் இருக்கிறது.

போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு கொடுங்கள். அதில் நான்கு வரி: 72 மணி நேரத்துக்குள் எங்கே போவது, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எந்த வாசல் திறந்திருக்கும்; அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்கும் இடம்; 45 நாள், 90 நாள் என்ற இரண்டு எண்; அடுத்த ஊர் சுகாதார நிலையத்தின் பெயரும் பஸ் எண்ணும். தலைப்பில் எச்.ஐ.வி. என்று அச்சிடாதீர்கள், சிவப்பு ரிப்பனும் வேண்டாம். பஸ் காசோடு சேர்த்து மடித்து வைக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். 40 பேருக்கு 80 அடியுங்கள், தோழிக்கென்று கேட்டு இன்னொன்று வாங்கிப் போகிறவர்கள் இருப்பார்கள்.